அக்கினியில் பிறந்த ஆரண்யம்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் ரயில் பாதையில், அம்பத்தூருக்கு அடுத்த ஸ்டேஷன் திருமுல்லைவாயில். சுந்தரமூர்த்தி நாயனார் பதிகம் பாடிய ஸ்தலம் அது. முன்னொரு காலத்தில் தொண்டைமான் மன்னன் யானை மீதேறி அவ்வழியே வந்தபோது, யானையின் கால்களை முல்லைக் கொடிகள் சுற்றிப் பிணித்துக் கொண்டனவாம். மன்னன் வாளை உருவிக் கொடிகளை வெட்டினான். கொடியின் அடியிலிருந்து குருதி பெருகிற்று. அங்கே மறைந்திருந்த லிங்க மூர்த்தி வெளிப்பட்டார் என்பது ஸ்தல புராணம். மாசிலாமணீசுவரர் ஆலயத்தில் வெள்ளெருக்குத் தூண்கள் இரண்டை இன்றும் காட்டுகிறார்கள்.

புராணத்தைப் பக்தியோடு கேட்பவர்கள் கேட்கட்டும், ஆராய்கிறவர்கள் ஆராயட்டும். இருவரும் ஒப்புக்கொள்ளக் கூடிய விஷயம் ஒன்று அதில் இருக்கிறது. யானையும் நடக்க முடியாதபடி அடர்ந்த முல்லைக்காடு அங்கே இருந்ததாக நம் முன்னோர்கள் நினைவு வைத்திருந்தார்கள். இன்று பௌர்ணமிதோறும் கொடியிடை அம்மனைத் தரிசிக்க வரும் ஜனக்கூட்டம் வீடுகளையும் தொழிற்சாலைகளையும் கடந்துதான் வருகிறது. காடு போயிற்று. காட்டின் பெயர் மட்டும் ஊரின் பெயராக நிலைத்திருக்கிறது.

இங்கிருந்து 2,700 மைலுக்கு அப்பால், ஹிந்து மகா சமுத்திரத்தின் நடுவே, வேறொரு காடு இருக்கிறது. ஒரு காலத்தில் அக்கினியைக் கக்கிய குன்றுகளின் மேல் வளர்ந்த காடு அது. அந்தக் குன்றுகளின் அடிவாரத்தில் நம்மவர்கள் வாழ்கிறார்கள். அங்கே ஊறும் தண்ணீரைக் குடிக்கிறார்கள். மொரீஷியஸ் என்று தேசப் படங்களிலும், 'மோரீஸ்' என்று நம் பாட்டிமார் வாயிலும் வழங்கும் தீவுதான் அது. அங்கே உள்ள எரிமலைக் குன்றுகளின் வரலாறு நம் தேசத்திலிருந்தே ஆரம்பமாகிறது. ஆகவே நாமும் இங்கிருந்தே புறப்படுவோம்.

நம் நாட்டில் எரிமலை உண்டா?

திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கும் ஒரு சிறுவன், தண்டவாளத்தின் அடியில் பரப்பியிருக்கும் கறுத்த ஜல்லிகளைக் கண்டு, "அப்பா, இதெல்லாம் எரிமலைக் கல்லா?" என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். தகப்பனார் என்ன பதில் சொல்வது?

சென்னையைச் சுற்றிலும் நாம் காணும் கருங்கல் எரிமலைக் கல் அன்று. பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் உள்ள பாறை, பூமியின் மேற்பரப்பிலிருந்து பல மைல் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானது. அதன்மேல் மூடியிருந்த பாறைகளெல்லாம் கோடிக்கணக்கான வருஷங்களில் தேய்ந்து கரைந்த பிறகே அது வெளியே தலை காட்டியது. அதன் வயது சுமார் 250 கோடி வருஷங்கள். அதற்குச் 'சார்னகைட்' என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னக் என்ற ஆங்கிலேயரின் சமாதிக் கல் இவ்வகைப் பாறையால் ஆனது. அதைக் கண்ட ஹாலண்டு என்ற பூகர்ப்ப சாஸ்திரி, 19-ஆம் நூற்றாண்டின் முடிவில் அவர் பெயரையே பாறைக்கு வைத்துவிட்டார். கல் நம்முடையது, பெயர் மட்டும் சார்னக்குடையது!

அக்கினி ஸ்தலமாகிய திருவண்ணாமலையும் ஒரு காலத்தில் எரிமலையாக இருந்ததென்று சிலர் சொல்வதுண்டு. பக்தியின் கண்ணுக்கு அது ஜோதி மலைதான். பூகர்ப்ப சாஸ்திரத்தின் கண்ணுக்கோ, அதுவும் ஆழத்தில் விளைந்து மேலே வந்த பழம் பாறையே.

அப்படியானால் நம் தேசத்தில் எரிமலையே கிடையாதா? உண்டு. அந்தமான் கடலில் 'பேரன்' தீவு என்று ஒன்று இருக்கிறது. மரமற்ற வெறுந்தீவு என்று அதற்குப் பொருள். 1787-ஆம் ஆண்டிலேயே அது புகைந்ததைக் கண்டவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். நெடுங்காலம் உறங்கிவிட்டு, 1991-இல் மறுபடியும் விழித்தது. அதன் பிறகும் பல முறை சீறியிருக்கிறது. அதற்கு வடக்கே உள்ள நார்க்கொண்டம் தீவும் எரிமலைதான். ஆனால் அது அடங்கிப் போய், உச்சி வரையில் காடு மூடிக் கிடக்கிறது. நெருப்பு அணைந்த இடத்தில் காடு ஏறும் என்பதற்கு நம் நாட்டிலேயே உள்ள அத்தாட்சி அது.

இவ்விரண்டையும் விடப் பிரம்மாண்டமான எரிமலைக் காரியம் ஒன்று நம் நாட்டில் நடந்தது. இப்போதைக்கு ஏறக்குறைய 6 கோடியே 60 லட்சம் வருஷங்களுக்கு முன், மேற்கு இந்தியாவில் பூமி பிளந்து, உருகிய பாறை வெள்ளமாகப் பெருகியது. ஒரு வெள்ளம் ஆறி இறுகியதும் அதன் மேல் இன்னொன்று பரவும். இப்படி அடுக்கடுக்காகப் பரவியது இன்றும் சுமார் 2 லட்சம் சதுர மைல் பரப்பை மூடியிருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் சில இடங்களில் அதன் கனம் 6,000 அடிக்கு மேல். அஜந்தாவிலும் எல்லோராவிலும் நம் சிற்பிகள் உளி கொண்டு குடைந்தது இந்த எரிமலைக் கல்லைத்தான்.

நகரும் தேசமும் நகராத உலையும்

அந்த அக்கினி பிறகு எங்கே போயிற்று? அது போகவில்லை, நாம்தான் போய்விட்டோம்!

எரியும் மெழுகுவர்த்திக்கு மேலே ஒரு காகிதத்தைப் பிடித்து, மெல்ல மெல்ல நகர்த்திக் கொண்டே போனால் என்ன ஆகும்? காகிதத்தில் வரிசையாகக் கரிப் புள்ளிகள் விழும். மெழுகுவர்த்தி நின்ற இடத்திலேயே நிற்கும். புள்ளிகள் நகர்ந்துகொண்டே போகும். பூமியின் மேல் ஓடும் அந்தக் காகிதத்தைப் போன்றதுதான். கண்டங்களும் சமுத்திரத் தரையும் வருஷத்துக்குச் சில அங்குலம் என்ற கணக்கில் நகருகின்றன. பூமியின் ஆழத்தில், ஏறக்குறைய நிலையாக நிற்கும் உலை ஒன்று இருக்கிறது. நமது தேசம் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி வந்தபோது அந்த உலையின் மேலாகக் கடந்து வந்தது. அப்போது விழுந்த முதற் பெரும் சூடுதான் தக்காணத்து எரிமலைப் பரப்பு.

தேசம் வடக்கே சென்ற பிறகு, அதற்குப் பின்னால் கடலின் அடியில் வரிசையாக எரிமலைகள் கிளம்பி, பின்னர் அமிழ்ந்தன. அவற்றின் தலை மேல் பவழப் பூச்சிகள் வீடு கட்டின. லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் தீவுகள் எல்லாம் அப்படி அமைந்தவையே. உலையின் வரிசையில் பின்னால் வந்தது மொரீஷியஸ்; அங்கே வெளியே தெரியும் மிகப் பழைய எரிமலைப் பாறைக்குச் சுமார் 90 லட்சம் வருஷமே வயது. கடைசியாக வந்தது, அதிலிருந்து நூற்றுச் சொச்சம் மைல் தென்மேற்கே உள்ள ரீயூனியன் தீவு. இன்று உலை கனன்றுகொண்டிருப்பது அதன் கீழேதான்.

ரீயூனியனில் உள்ள எரிமலைக்குப் பிரெஞ்சுக்காரர் வைத்த பெயருக்கே 'உலைச் சிகரம்' என்று அர்த்தம். 1977-இல் அதன் குழம்பு ஸேன்ட் ரோஸ் பகுதியில் ஒரு கிராமத்துக்குள் புகுந்து வீடுகளை அழித்து, மாதா கோவிலின் வாசல் வரையில் வந்து நின்றுவிட்டது. 2007-இல் சிகரத்தின் உச்சியே ஆயிரம் அடி அளவுக்கு உள்ளே இடிந்து விழுந்தது. புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களில் கப்பலேறிய தமிழர்களின் சந்ததியார் அத்தீவில் இன்றும் இருக்கிறார்கள்.

பூனாவுக்குப் பக்கத்துக் கறுத்த மலையும், ரீயூனியனில் இன்று பாயும் சிவந்த குழம்பும் ஓர் உலையின் வேலை என்பதை நினைத்தால் ஆச்சரியமாக இல்லையா?

சிட்டக் குன்று பிறக்கும் விதம்

மொரீஷியஸ் தீவின் பரப்பு 720 சதுர மைல். நம் ஜில்லா ஒன்றை விடச் சிறியது. அதன் ஓரங்களில் கூர்மையான மலைகள் நிற்கின்றன. அவை முதற் காலத்துப் பெரிய எரிமலையின் மிச்சம். நடுவில் உயர்ந்த சமவெளி. அந்தச் சமவெளியின் மீது, வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஒரு கோடு கிழித்தாற்போல், இருபதுக்கும் மேற்பட்ட எரிமலை வாய்கள் இருக்கின்றன. பூமியில் நீண்ட வெடிப்பு ஒன்று விட்டு, அதன் வழியே ஆங்காங்கு அக்கினி வெளிப்பட்டதே இந்த வரிசைக்குக் காரணம். தீவின் பெரிய எரிமலை ஓய்ந்து வெகு காலத்துக்குப் பின், கடந்த 10 லட்சம் வருஷங்களுக்குள் எழுந்தவை இவை. கடைசிச் சீற்றம் முடிந்து சில பதினாயிரம் வருஷங்களே ஆகின்றன. பூகர்ப்ப சாஸ்திரத்தில் அது நேற்றைய சமாசாரம்.

இவற்றில் பலவும் 'சிட்டக் குன்று' வகையைச் சேர்ந்தவை. கொல்லன் உலையில் இரும்பைக் காய்ச்சியபின், துளைத் துளையாய், கரடுமுரடாய், லேசாய்த் தங்கும் சிட்டத்தை நாம் பார்த்திருக்கிறோம். ஏறக்குறைய அதே உருவமுள்ள கற்களால் குவிந்த குன்று என்பதால் இப்பெயர்.

கோலி சோடாவைக் குலுக்கி உடைத்தால் என்ன நேரிடுகிறது? உள்ளே அடங்கியிருந்த வாயு விடுபட்டு, நுரையும் நீருமாகப் பீறிட்டு அடிக்கிறது. உருகிய பாறைக்குள்ளும் அவ்விதமே நீராவியும் வேறு வாயுக்களும் கரைந்திருக்கின்றன. குழம்பு மேலே ஏற ஏற அழுத்தம் குறைகிறது. வாயு குமிழியிட்டு விரிகிறது. வாயை அடைந்ததும் குழம்பு நூற்றுக்கணக்கான அடி உயரத்துக்கு நெருப்பு நீரூற்றாகக் கிளம்புகிறது. ஆகாயத்தில் சிதறும் துளிகள் தரையை அடையுமுன்பே உறைந்து, வாயு தங்கிய இடமெல்லாம் துவாரங்களாக, சிட்டக் கற்களாய் வாயைச் சுற்றிலும் பொழிகின்றன. அவற்றில் உள்ள இரும்பு சூட்டோடு காற்றுப் பட்டுத் துருப்பிடிப்பதால், பல குன்றுகளின் உட்புறம் செங்கல் நிறமாக இருக்கும்.

களத்தில் நெல்லைக் குவிக்கிறவர்களுக்கு ஒன்று தெரியும். எவ்வளவு நெல்லைக் கொட்டினாலும் குவியலின் சரிவு ஓர் அளவுக்கு மேல் செங்குத்தாக நில்லாது. நெல் சரிந்து குவியலின் அடி அகலும். சிட்டக் குன்றும் அப்படியே. அதன் சரிவு முப்பது டிகிரியை ஒட்டியே இருக்கும். உச்சியில் மட்டும், நெருப்பு வெளிவந்த வாய் கிண்ணம் போல் குழிந்திருக்கும்.

ஒரு சிட்டக் குன்று பிறந்து வளர்ந்து ஓய்ந்ததை மனிதர்கள் முழுவதும் கண்ணால் கண்டதும் உண்டு. மெக்ஸிகோ தேசத்தில் 1943-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் தேதி, ஒரு விவசாயியின் சோளக் கொல்லையில் நிலம் விரிந்து புகை கிளம்பிற்று. ஒரு வருஷத்துக்குள் அங்கே 1,000 அடிக்கு மேல் உயரமான குன்று நின்றது. பாரிக்குட்டின் என்பது அதன் பெயர். 1952-இல் அது அடியோடு அடங்கிவிட்டது. சிட்டக் குன்றின் ஆயுள் பெரும்பாலும் அவ்வளவே. ஒரு முறை சீறும், பின்பு என்றென்றைக்கும் உறங்கும்.

காடு ஏறிய கதை

மொரீஷியஸின் நடுமேட்டில் க்யூர்பீப் என்ற ஊர் இருக்கிறது. ஊரின் வீதிகளிலிருந்து மேலே நடந்தால், ஏறக்குறைய 2,000 அடி உயரத்தில் 'மான்களின் குழி' என்று பொருள்படும் எரிமலை வாய். 'ட்ரூ ஓ ஸெர்ஃப்' என்று அவ்வூரார் சொல்லுகிறார்கள். குறுக்களவு சுமார் 1,000 அடி. ஆழம் 250 அடிக்கு மேல். விளிம்பில் நின்று குனிந்து பார்ப்பவர் அங்கே நெருப்பையோ புகையையோ காண மாட்டார். உட்சரிவு முழுவதும் பசுமரங்கள். அடியில் ஒரு சிறு குளம்.

தெற்கே போகப் போகக் காடு இன்னும் அடர்த்தியாகிறது. கனகா என்ற குன்றின் வாய் மரங்களால் மூடிக் கிடக்கிறது. பாஸேன் பிளான் என்ற மற்றொரு வாயில் ஏரி நிற்கிறது. அதைச் சுற்றித் தீவின் பழைய காடு வளையமிட்டிருக்கிறது. கிராண்ட் பாஸேன் என்பதும் எரிமலை வாயில் தேங்கிய ஏரிதான். 1898 முதல் ஹிந்துக்கள் அதைத் தீர்த்தமாகக் கொண்டு யாத்திரை செய்து வருகிறார்கள். 1972-இல் இந்தியாவிலிருந்து கங்கை ஜலத்தைக் கொண்டுபோய் அதில் கலந்து, 'கங்கா தலாவ்' என்று பெயரிட்டார்கள். மகா சிவராத்திரிக்கு லட்சக்கணக்கான ஜனங்கள் வெண்ணிற ஆடை உடுத்து, காவடிகளைத் தோளில் தாங்கிக் கால்நடையாகவே அங்கே செல்லுகிறார்கள். 108 அடி உயரமுள்ள சிவபெருமான் ஏரிக்கரையில் சூலத்துடன் நிற்கிறார். அக்கினி வாயில் கங்கையைத் தரித்த அந்த இடத்துக்குச் சிவபெருமானைத் தவிர வேறு எந்த மூர்த்தி பொருந்துவார்?

வெறும் சிட்டக் கல்லின் மேல் காடு எப்படி வந்தது? ரீயூனியனில், உலைச் சிகரத்துக்குப் போகும் பாதையோரத்தில், 1753-இல் எழுந்த சிறு சிட்டக் குன்று ஒன்று இருக்கிறது. இரண்டரை நூற்றாண்டு கழிந்தும் அது பெரும்பாலும் மொட்டையாகவே சிவந்து நிற்கிறது. காடு அவசரப்படுவதில்லை. முதலில் பாசி படரும்; பின்பு பெரணி. அவை மக்கி, கல்லின் துளைகளில் ஒரு சிட்டிகை மண் சேரும். காற்றும் பறவையும் விதை கொண்டுவரும். மழை நீர் சிட்டத்தைச் சிறிது சிறிதாகக் கரைத்துச் செம்மண்ணாக்கும். இப்படி ஆயிரக்கணக்கான வருஷங்கள் சென்றபின், கருங்காலி மரங்கள் ஓங்கும் காடு உண்டாயிற்று.

காடு நீரைக் காத்த கதையையும் சொல்ல வேண்டும். தீவின் மேற்குக் கரையில் வருஷத்துக்கு 40 அங்குல மழைகூட முழுமையாகப் பெய்வதில்லை. நடுமேட்டிலோ சில இடங்களில் 150 அங்குலத்துக்கும் மேல் கொட்டுகிறது. நம் சென்னையின் மழையைப் போல் இது மும்மடங்கு. சிட்டக் குன்றும் அதைச் சுற்றியுள்ள இளம் எரிமலைப் பாறையும் சல்லடை போன்றவை. வெறும் தரையில் இத்தனை மழை விழுந்தால், மண்ணை அரித்துக்கொண்டு ஒரே நாளில் கடலுக்கு ஓடிவிடும். காட்டின் இலையும், வேரும், சருகும், பாசியும் மழையின் வேகத்தைத் தடுத்து, சொட்டுச் சொட்டாகப் பாறைக்குள் இறக்குகின்றன. இப்படி இறங்கிய நீர் பாறையின் துளைகளிலும் வெடிப்புகளிலும் தங்கி, தாழ்ந்த இடங்களில் ஊற்றாகவும் கிணற்று நீராகவும் கிடைக்கிறது. எங்கே சிட்டம் மக்கிக் களிமண்ணாகிக் குழியின் அடியை மெழுகினாற்போல் மூடியிருக்கிறதோ, அங்கே மட்டும் நீர் மேலேயே ஏரியாக நிற்கிறது.

தீவில் வீடுகளுக்கு வரும் குடிநீரில் ஏறக்குறையப் பாதி நிலத்தடியிலிருந்தே எடுக்கப்படுகிறது. முக்கியமான நீர்த்தாரை, க்யூர்பீப் மேட்டில் தொடங்கி மேற்குக் கரை வரையில் நிலத்துக்குள்ளேயே செல்லுகிறது. தீவிலேயே பெரிய நீர்த்தேக்கமாகிய மார் ஓ வாக்கோவா இருப்பதும் இந்த மேட்டில்தான். நெருப்பு கல்லைத் தந்தது. காடு அந்தக் கல்லைத் தண்ணீர்ப் பாத்திரமாக்கிற்று. காடில்லாவிட்டால் பாத்திரம் இருக்கும், நிரப்புவார் இருக்கமாட்டார்.

கல் பொறுக்கிய கைகள்

கல்லும் காடும் நீரும் இருந்தால் மட்டும் வயல் உண்டாகிவிடாது. இளம் எரிமலைப் பாறை விரவிய தரையில் கலப்பை இறங்காது. மண்ணைவிடக் கல்லே அதிகம். ஒல்லாந்தர் 1638-இல் குடியேறிக் கருங்காலியை வெட்டினார்கள். அவர்கள் காலத்தில் டோடோப் பட்சி பூண்டற்றுப் போயிற்று. பின்பு பிரெஞ்சுக்காரரும், 1810 முதல் ஆங்கிலேயரும் ஆண்டார்கள். காடு குறைந்தது, கரும்பு பெருகிற்று. அடிமை வியாபாரம் ஒழிந்து அடிமைகள் விடுதலை பெற்ற சமயத்தில், 1834 முதல், நம் நாட்டு ஏழைகளை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிச் செல்லத் தொடங்கினார்கள். 1920 வரையில் அப்படிப் போனவர்கள் ஏறக்குறைய 5 லட்சம் பேர். பெரும் பகுதியினர் கல்கத்தாவில் கப்பலேறிய பீகார்க்காரர்கள். சென்னைத் துறைமுகத்தில் ஏறிய தமிழரும் தெலுங்கரும் அநேகர். அவர்களுக்கு முன்பே, பிரெஞ்சுக்காரர் காலத்தில், புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கொத்தர்களும் தச்சர்களும் சென்று போர்ட் லூயிஸ் நகரைக் கட்டும் வேலையில் ஈடுபட்டிருந்தார்கள்.

கூலிகள் கரையேறிய இடத்துக் கற்படிகள் இன்றும் இருக்கின்றன. எரிமலைக் கல்லால் ஆன படிகள் அவை. 'ஆப்பிரவாசி காட்' என்ற அந்த இடத்தை 2006-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் கலாசார ஸ்தாபனம் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது.

படியேறிப் போனவர்களுக்குக் கிடைத்த வேலை என்ன? கரும்பு நடுவதும் வெட்டுவதும் மட்டுமன்று, கல் பொறுக்குவதும்தான். நிலத்தில் புதைந்த கறுத்த பாறைகளைக் கடப்பாரையால் நெம்பி, கையால் புரட்டி, கூடையில் சுமந்து, ஒதுக்குப்புறமாகக் குவித்தார்கள். ஒரு நாள் வேலைக்கு வராதவனுக்கு இரண்டு நாள் கூலி பிடித்தம் என்பது சட்டம். இன்று அத்தீவுக்குச் செல்லும் யாத்திரிகர்கள், கரும்புத் தோட்டங்களின் நடுவே கோபுரம் போல் கல்லடுக்குகள் நிற்பதைக் கண்டு, எகிப்து தேசத்துப் பிரமிடுகள் போலிருக்கின்றனவே என்று வியக்கிறார்கள். அவை எந்த அரசனின் சமாதியும் அன்று. அடிமைகளும் கூலிகளும் தலைமுறை தலைமுறையாகக் குவித்த எரிமலைக் கற்கள். அவற்றில் எந்தக் கல்லை எவர் தூக்கினார் என்று எழுதி வைத்தவர் இல்லை.

1901-ஆம் ஆண்டில், தென்னாப்பிரிக்காவிலிருந்து தாயகம் திரும்பிய காந்தியடிகள் வழியில் இத்தீவில் இறங்கிச் சில நாட்கள் தங்கினார். தேசம் விடுதலை பெற்றது 1968 மார்ச் 12-ஆம் தேதி. இன்று அந்நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் அச்சாகிறது. கல் சுமந்தவர்களின் மொழி, காசின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது என்பது சிறிய சந்தோஷம் அன்று.

தீவின் அடியில் ஒரு பழைய நிலம்

சமீப காலத்தில் அறிஞர்கள் கண்டுபிடித்த ஓர் அதிசயத்தையும் இங்கே சொல்லவேண்டும். மொரீஷியஸ் முழுவதும் சமுத்திரத்தின் நடுவே பிறந்த இளம் எரிமலை என்றே எண்ணியிருந்தார்கள். 2013-இல், அதன் கடற்கரை மணலில் ஸிர்கான் என்னும் மிகச் சிறிய மணித்துகள்கள் சில அகப்பட்டன. ஸிர்கானுக்குள் சிறிதளவு யுரேனியம் இருக்கும். அது ஒழுங்கான கணக்கில் ஈயமாக மாறிக்கொண்டே வரும். ஆகவே இரண்டின் அளவையும் ஒப்பிட்டால் வயது தெரிந்துவிடும். அந்தத் துகள்களின் வயது தீவின் வயதைவிடப் பன்மடங்கு அதிகமாக இருந்தது. மணல் வேறிடத்திலிருந்து வந்திருக்கலாம் அல்லவா என்று சிலர் சந்தேகித்தார்கள். 2017-இல் தீவின் எரிமலைப் பாறைக்கு உள்ளேயே அத்தகைய துகள்கள் கிடைத்தன. பாறைக்கு வயது சுமார் 60 லட்சம் வருஷம். அதனுள் சிக்கிய துகளுக்கோ 250 முதல் 300 கோடி வருஷம்!

இதற்குப் பொருள் ஒன்றே. எரிமலைக் குழம்பு மேலே வரும் வழியில், அடியில் புதைந்து கிடக்கும் ஒரு பழங்கண்டத்தின் துண்டைத் துளைத்துக்கொண்டு, அதன் துகள்களை வாரி வந்திருக்கிறது. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒன்றாக ஒட்டியிருந்து, சுமார் 9 கோடி வருஷங்களுக்கு முன் பிரிந்தபோது, இடையில் சிதறிய துண்டு அது என்பது அறிஞர்களின் முடிவு. அதற்கு 'மொரீஷியா' என்று பெயரிட்டிருக்கிறார்கள்.

உடனே, "குமரிக்கண்டம் அகப்பட்டுவிட்டது" என்று யாரும் கொண்டாட்டம் போட வேண்டாம். அந்த நிலம் பிளந்தபோது பூமியில் மனிதன் என்ற ஜாதியே தோன்றவில்லை. நம் பெருமைக்குப் பொய் தூண் எதற்கு? உண்மையே போதுமான அளவுக்கு அற்புதமாக இருக்கிறது. பல்லாவரத்துக் கருங்கல்லின் வயதை ஒத்த பழம் பாறை, ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால், எரிமலையின் அடியில் கிடக்கிறது. கண்காணாத தேசம் என்று அழுதுகொண்டே இறங்கிய நம் கூலிகள், தம் தாய்நாட்டோடு ஒட்டியிருந்த நிலத்தின் துண்டுக்கு மேல்தான் கால் வைத்தார்கள். அது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கூலி உயர்ந்திராது.

மிச்சமிருப்பது எவ்வளவு?

தீவு முழுவதையும் ஒரு காலத்தில் மூடியிருந்த பழைய காட்டில், கெடாமல் நல்ல நிலையில் இன்று எஞ்சியிருப்பது நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. எஞ்சியது பெரும்பாலும் மலைச்சரிவுகளிலும் எரிமலைக் குன்றுகளிலும் பள்ளத்தாக்குகளிலும்தான். கரும்புக்கு உதவாத இடம் என்பதால் தப்பியது. 1994-இல் கறுப்பாற்றுப் பள்ளத்தாக்கைத் தேசிய வனமாக்கிப் பாதுகாப்பு அளித்தார்கள். ஆயினும் கோடாரி நின்றபின் வேறொரு சத்துரு உள்ளே புகுந்துவிட்டது. அலங்காரத்துக்கும் பழத்துக்கும் என்று வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த சீனக் கொய்யா, புதர் புதராய் மண்டி, நாட்டு மரங்களின் கன்றுகளைத் தலையெடுக்க விடுவதில்லை. எலியும் குரங்கும் விதையையும் முட்டையையும் தின்னுகின்றன. இவற்றின் நடுவே, 1974-இல் நான்கே என்ற நிலைக்கு இறங்கிவிட்ட மொரீஷியஸ் வல்லூறை, அறிஞர்கள் அரும்பாடுபட்டுப் பெருக்கியிருக்கிறார்கள். ஆகையால் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை.

கொய்யாப் புதரை ஒழிக்க எந்த இயந்திரமும் அந்தச் சரிவுகளில் ஏற முடியாது. ஆட்கள் வரிசையாக நின்று, நாட்டுக் கன்று எது, அந்நியப் புதர் எது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, கையாலேயே களைகிறார்கள். களைந்த இடத்தில் மறுபடியும் முளைக்கும். மறுபடியும் களைய வேண்டும். அந்நாட்டு ஜனங்களில் பெரும்பாலார் இந்திய வம்சத்தவர்கள். பாட்டன்மார் எரிமலைக் கல்லைக் கையால் பொறுக்கி வயலாக்கினார்கள். பேரன்மாரின் காலத்தில் எரிமலைக் காட்டைக் கையால் களை பிடுங்கிக் காக்க வேண்டியிருக்கிறது. முந்திய வேலையைச் சட்டமும் சவுக்கும் செய்வித்தன. இந்த வேலையைச் சொந்த நாடென்ற எண்ணம் செய்விக்கிறது. சுதந்திரத்தின் பொருளை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா?

திருமுல்லைவாயிலில் முல்லைக்காட்டை வெட்டியவன் தொண்டைமான் ஒருவன் அல்லன். ஒரே வெட்டில் குருதி கண்டு அவன் வாளைக் கீழே போட்டுவிட்டான் என்று புராணம் சொல்லுகிறது. அவனுக்குப் பின் வந்தவர்களுக்கு அந்தக் குருதி கண்ணில் படவில்லை. அடுத்த பௌர்ணமிக்குக் குழந்தைகளை அழைத்துக்கொண்டு கொடியிடை அம்மன் சந்நிதிக்குச் செல்லும் குடும்பத்தார், ஊரின் பெயருக்கு அர்த்தம் என்னவென்று அவர்களுக்குச் சொல்லட்டும். வீட்டுக் கொல்லையில் ஒரு முல்லைக் கொடியையாவது நட்டுக் காட்டட்டும். மோரீஸ் தீவின் குன்றுகளுக்கும் கனகா, பாஸேன் பிளான் என்று பெயர்கள் இருக்கின்றன. அந்தப் பெயர்களோடு காடும் இருக்கிறது. பெயர் மட்டும் மிஞ்சும் கதி அவற்றுக்கு வராதிருக்கட்டும்.